செவ்வாய் வெள்ளியில் வரும் தலைசுற்றல்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நிறுத்தின பிறகுதான் சொல்ல வந்ததையே விட்டுவிட்டது ஞாபகம் வரும். வருஷக் கணக்கும் முன்னே பின்னே இருக்கும். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகளில் சில வருஷம் வரைக்கும் திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, யார் பேரும் எழுதவில்லை. அவர்களைக் கேட்காமல் எழுத எனக்குக் கூச்சம்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில், நர்ஸுகள் ஏன் சீக்கிரம் மனசு சலித்து வேலையை விட்டுப் போகிறார்கள் என்று காரணங்களைப் போட்டிருந்தார்கள். ஆள் கம்மி, வேலை ஜாஸ்தி, உட்கார நேரமில்லை, மேலே இருப்பவர்கள் திட்டுகிறார்கள், கட்டிலில் இருப்பவர்கள் புலம்புகிறார்கள் என்று வரிசையாக. எல்லாம் வாஸ்தவம். எங்கள் வார்டிலும் இத்தனையும் இருந்தன. ஆனால் அந்த வரிசையில் செவ்வாய்க்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. எங்கள் சிஸ்டரம்மாவை ராஜினாமாக் கடிதம் எழுத வைத்தது அந்த இரண்டு கிழமைகளும்தான். கொஞ்சம் நானும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் ஆயா ஆகிவிட்டேன். அறுபது வயது அம்மாள்கூட, "ஆயா, கொஞ்சம் வெந்நி குடு" என்பாள். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்த பெண். நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. துணி துவைக்கப் போடுவது, ஊசி கொதிக்க வைப்பது, பெட்பேன் எடுப்பது எல்லாம் வாயைத் திறக்காமலே செய்கிற வேலைகள். அதனால் அந்த உத்தியோகம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

வார்டில் இருபத்து நாலு கட்டில். பகலில் ஒரே ஒரு சிஸ்டர். அவர் ஓர் ஐப்பசி மாதம் எங்கள் ஊருக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்டு மடித்த தொப்பி, நடையில் ஒரு துள்ளல். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய், போர்டிங்கில் வளர்ந்தவர். மணி அடித்தால் எழுந்திருப்பது, மணி அடித்தால் சாப்பிடுவது, அதுதான் அவருக்குத் தெரிந்த வீட்டு வழக்கம். ஆனால் வார்டில் எந்தக் கட்டிலில் யார், எந்த ஊர், வீட்டில் எத்தனை மாடு என்பதெல்லாம் இரண்டே நாளில் மனப்பாடம். ஊசி போடும்போது, "உங்க கறுப்பு எருமை ஈனிடுச்சா?" என்று கேட்பார். அந்தப் பெண் எருமையை நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு முடிந்திருக்கும்.

அந்த வருஷம் தீபத்தன்று நடந்ததைச் சொன்னால் அவரைத் தெரிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றுகிற நேரம். எங்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்றால் மலை உச்சி நன்றாகத் தெரியும். காலையில் "எழுந்திருக்கவே முடியலம்மா" என்று சத்தியம் செய்த ஏழெட்டுப் பேர், தீபம் என்று சத்தம் கேட்டதும் கட்டிலைவிட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள். நான் பயந்துபோய் சிஸ்டரம்மாவைப் பார்த்தேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆயா, நம்ம மருந்துல குணமாகாததெல்லாம் பாரு, எப்படி நடக்குது!" என்று அவரும் போய் வராந்தாவில் நின்றார்.

அடுத்த வருஷ தீபத்திலும் அதேபோல எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் என்னை ஏமாத்தறாங்க" என்று சொல்லிவிட்டு, காலிக் கட்டில்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருஷத்துக்குள் ஆள் அப்படி மாறிப்போனார். ஊர், மாடு, எருமை எல்லாம் போயே போச்சு. "பதினாலு, வாயத் தொற." "இருபது, திரும்பிப் படு." கட்டில் எண்தான் பேர். டப்பாவில் கொண்டுவரும் சோறு பாதி நாள் அப்படியே திரும்பிப் போகும். ஒரு நாள் தெர்மாமீட்டரை ஒருத்தி வாயில் வைத்துவிட்டு மறந்தே போனார். அவள் பேசவும் முடியாமல், எடுக்கவும் பயந்து, கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் டாக்டரம்மா மதராஸில் படித்தவர். நல்ல கெட்டிக்காரர், கண்டிப்பானவர். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குப் பெரிய ரவுண்ட்ஸ் வருவார். குணமானவர்களைப் பார்த்து, "நீ இன்னிக்கி வீட்டுக்குப் போகலாம்" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளை செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவாள்? வெள்ளிக்கிழமை எந்த மாமியார் மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்புவாள்? போனால் திரும்பவும் கட்டிலுக்கே வர வேண்டியிருக்கும் என்று பயம். ஆனால் அதை வெளியே சொல்ல வெட்கம். டாக்டரம்மா சிரிப்பாரோ, கோபித்துக்கொள்வாரோ என்று. அதனால் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் படியிறங்கினதும் வார்டில் எல்லோருக்கும் தலை சுற்ற ஆரம்பிக்கும்.

"சிஸ்டரம்மா, கிர்ருங்குதும்மா."

"எனக்குக் கண்ணே இருட்டிக்கினு வருதும்மா."

"எழுந்தா கூரையே சுத்துதுங்க. நாளைக்கிப் போறேனே."

தலை சுற்றுகிறவளை எப்படி வெளியே அனுப்புவது? சிஸ்டரம்மா ஒவ்வொருத்தியாக நாடி பிடிப்பார், காய்ச்சல் பார்ப்பார், சீட்டில் எழுதுவார். அதற்குள் கட்டில் காலி என்று நினைத்துக்கொண்டு கீழேயிருந்து புது நோயாளிகளை அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குத் தரையில் பாய். இருபத்து நாலு பேருக்கு வந்த பாலை முப்பத்தைந்து பேருக்கு ஊற்ற வேண்டும். நடுவில் கால் வைக்க இடமிருக்காது. புதன்கிழமை விடிந்ததும் தலைசுற்றல்காரிகள் எல்லோரும் எழுந்து, பூ வைத்துக்கொண்டு, சொல்லாமல்கூடக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டரம்மா சீட்டுகளைப் படிப்பார். "ஒம்பது பேருக்குத் தலைசுத்தல்னு எழுதியிருக்கீங்க. நான் பாக்கறப்ப நல்லா இருக்காங்க, உங்க கையில விட்டதும் தலை சுத்துதா? என்ன கவனிக்கிறீங்க?" என்று எல்லோர் எதிரிலும் கேட்பார். சிஸ்டரம்மாவின் கழுத்து சிவக்கும்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். துணி வைக்கிற அறையில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. வார்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் பாதி நாள் நான் ஒருத்திதான். "ஆயா, நீதான் படிச்ச பொண்ணாச்சே, எங்க ஊரு போறதுக்கு எந்த நாளு நல்லது, பாத்து சொல்லேன்" என்று ரகசியமாகக் கேட்பார்கள். என்னை யாராவது படித்தவள் என்று சொன்னது அங்கேதான். ராகுகாலம், சூலம், அஷ்டமி, நவமி எல்லாம் பார்த்து, காதோடு காதாகச் சொல்லிவிடுவேன்.

அதோடு விட்டேனா? ஆரம்பத்தில் ஒருத்தி, "போகலன்னா சிஸ்டரு திட்டுவாங்களே, இன்னா சொல்றது?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுவலி என்றால் எனிமா கொடுத்துவிடுவார்கள். தலைசுற்றலைப் பிடிக்க எங்கள் வார்டில் கருவி கிடையாது. "தலை சுத்துதுன்னு சொல்லிடுங்க" என்றேன். அவ்வளவுதான். ஒருத்தி சொல்லி ஒருத்தி, கட்டில் கைமாறும்போது அந்த யோசனையும் கைமாறி வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டிலுக்கு உதவி செய்தேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது சிஸ்டரம்மாவின் தலையில் விழுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிழமை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அவருக்கும் தெரிந்திருக்கும், ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது தீபம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரம்மா வந்து கதவைச் சாத்திக்கொண்டு, துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம். இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"ஆயா, நான் வேலைய விடறேன். நாளைக்கி ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் டாக்டரம்மா கையில குடுத்துடுவேன்" என்றார்.

என் கையில் மடித்திருந்த போர்வை பிரிந்துபோயிற்று. "இன்னாங்கம்மா இது? வேலை ஜாஸ்தியா இருக்குதுன்னா?"

"வேலைக்கி நான் பயப்படல. போர்டிங்ல எத்தன வேல செஞ்சிருக்கேன். என் கையில யாருக்கும் குணமாகல ஆயா. போகச் சொல்ற அன்னிக்கே அத்தன பேருக்கும் தலை சுத்துதுன்னா நான் இன்னா கவனிப்பு கவனிக்கிறேன்? முன்னெல்லாம் அவங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும். இப்ப கோவம் வருது. நேத்து அந்தப் பதினாலுக்கு ஊசி போடறப்ப, வலிக்கட்டும்னு நெனச்சேன். அப்படி நெனைக்கிறவ நர்ஸா இருக்கலாமா?"

எனக்கு வந்த பயத்தில் கூச்சமே மறந்துபோயிற்று.

"அய்யோ, அது தலைசுத்தல் இல்லீங்கம்மா. செவ்வாக்கிழமை!"

"என்னது?"

"செவ்வாக்கிழமை, வெள்ளிக்கிழமை. அன்னிக்கி வீட்டுக்குப் போகக்கூடாதுங்க. டாக்டரம்மா அந்த ரெண்டு நாளாப் பாத்துதான அனுப்பறாங்க? அதான் அவங்களுக்கு, வந்து... நாளைக்கி நின்னுடும்ங்க."

அவர் என்னையே பார்த்தார். போர்டிங்கில் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு மணியும் வெள்ளிக்கிழமைக்கு வேறு மணியுமா அடித்திருப்பார்கள்? அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒரு வருஷமாவா?"

"ஆமாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கெட்ட பதில் என்று உறைத்தது. அதனால் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். காலண்டர் பார்த்துச் சொன்னது நான், தலைசுற்றல் யோசனையும் நான் என்று.

அவர் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கி நீயே இத டாக்டரம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனப்பாங்க. நீ சொன்னா நான் இருக்கறதா போறதான்னு யோசிக்கிறேன். இல்லன்னா கடுதாசியக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரம்மா எதிரில் நான் அதுவரை பேசின மொத்தப் பேச்சு, "சரிங்க."

மறுநாள் பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். ஒன்பதாம் கட்டிலில் அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு மருமகள் இருந்தாள். பிரசவம் முடிந்து தேறிவிட்டாள். பக்கத்தில் அவள் மாமியார், வாய்க்குப் பேர்போன அம்மாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நீ போகலாம்" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு சிஸ்டரம்மா பக்கம் திரும்பி, "இன்னிக்காவது தலைசுத்தல் இல்லாம அனுப்புவீங்களா?" என்றார்.

சிஸ்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் காகிதத்தின் முனை தெரிந்தது. யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய், வாயில் வந்தது இதுதான்:

"இன்னிக்கி வெள்ளிக்கிழமைங்க."

டாக்டரம்மா, "ஆமா. அதுக்கென்ன?" என்றார்.

மாமியார் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா அதுக்கென்னன்னு கேக்கறீங்க? பச்சப் புள்ளையத் தூக்கிக்கினு வெள்ளிக்கெழம யாராச்சும் கெளம்புவாங்களா? இந்தப் பொண்ணு எவ்ளோ நேரமாச் சொல்லிக்கினு இருக்குது!" என்றாள். நான் சொன்னது இரண்டே வார்த்தை. ஆனாலும் அன்றைக்கு எனக்குத் துணை அந்த அம்மாள்தான்.

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி எதிர்க் கட்டிலைப் பார்த்தார். "போன செவ்வாக்கிழமை உனக்குத் தலை சுத்துச்சே?"

"ஆமாங்க."

"நிஜமாவா?"

அவள் போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டாள். "புதங்கெழமையே நின்னுடுச்சுங்க. கூட்டிக்கினு போக வீட்டுலேர்ந்து ஆளு வரணும், வண்டி கெடைக்கல. அதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துடுச்சு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வார்டே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, மேஜைப் பக்கம் போய் நின்றார். "எங்க வீட்ல எங்கம்மாவும் இப்படித்தான். படிக்கப் போறப்பவே வெள்ளிக்கிழமை ரயில் ஏற விட மாட்டாங்க. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?" என்றார். பிறகு சிஸ்டரம்மாவைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எனக்கும் நேத்துதான் தெரியும் டாக்டர்."

"அப்போ ஒரு வருஷமா நான் உங்களைத் திட்டினது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிஸ்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அங்கே அழுவதற்கு யார் விட்டார்கள்? எந்த நாளில் கையெழுத்துப் போடுவது என்று வார்டில் ஒரு பஞ்சாயத்தே கூடிவிட்டது.

என் காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். திங்கள் என்றால் கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு ஆகாது, கிழக்கே சூலம். அதற்குப் பரிகாரம் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. புதன் என்றால் வேங்கிக்கால் பக்கத்துக்காரர்களுக்கு ஆகாது, வடக்கே சூலம். அதற்குப் பரிகாரம் பால். "பால்தான் காலைல நாமளே குடுக்கறோமே!" என்றார் சிஸ்டரம்மா. வியாழன் தெற்கே சூலம், பரிகாரம் எண்ணெய் என்று நான் படித்தேன். மருந்து கொண்டுவந்த கம்பவுண்டர் வாசலில் நின்று, "எங்கிட்ட வெளக்கெண்ணெய் ஒண்ணுதான் இருக்குது. குடிச்சிட்டு பஸ் ஏறுனா வழியில நான் ஜவாப்தாரி இல்ல" என்றார். வியாழக்கிழமை அதோடு ஒழிந்தது. திங்களும் புதனும் என்று முடிவாயிற்று. தயிர் அவரவர் வீட்டிலிருந்து.

அன்றைக்கு சிஸ்டரம்மா கடிதத்தைக் கொடுக்கவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. அது இடுப்பிலேயே இருந்தது. நான் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் வேலை செய்தேன்.

திங்கட்கிழமை எட்டுப் பேர் கிளம்பினார்கள். ஒருத்திக்கும் தலை சுற்றவில்லை. போகும்போது சிஸ்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "போய் வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் பொய் சொன்ன கூச்சத்தில் நழுவிப் போனவர்கள்தானே. புதன்கிழமை இன்னும் ஆறு பேர். பாய்களைச் சுருட்டி மூலையில் வைத்தேன். மத்தியானம் சிஸ்டரம்மா டப்பாவைத் திறந்து, சோறு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேரே பதினாலாம் கட்டிலுக்குப் போனார். "உன் பேரு இன்னாம்மா?" என்றார். மூன்று வாரமாக அங்கே படுத்திருந்தவள் அவள்.

அதற்கடுத்த வாரம் அவர் டாக்டரம்மா கையில் ஒரு காகிதம் கொடுப்பதைப் பார்த்தேன். கையில் இருந்த கிண்ணத்தை வைக்கவும் தோன்றாமல் நின்றேன். டாக்டரம்மா படித்துவிட்டு, "பதினஞ்சு நாள் போதுமா?" என்றார்.

லீவுக் கடிதம். வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, இதுதான் முதல் லீவு. வேலூரில் கூடப் படித்த சிநேகிதி வீட்டுக்குப் போனார். நான் தினமும் தேதி கிழித்தேன். போன இடத்தில் மனசு மாறி, வராமலே இருந்துவிடுவாரோ என்று வார்டில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பதினாறாம் நாள் காலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. "ஆயா, ஊசி கொதிக்க வெச்சியா, இல்ல நல்ல நேரம் பாத்துக்கினு இருக்கியா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகும் ஆள் கம்மியாகத்தான் இருந்தது. தீபத்துக்கு ஊர் நிரம்பி, காலரா ஊசி போட ராத்திரி நர்ஸை இழுத்துக்கொண்டு போனால், பகலும் ராத்திரியும் சிஸ்டரம்மா ஒருத்தரே நின்றபடி இருப்பார். கால் வீங்கும், கோபம் வரும், திட்டுவார். ஆனால் அது தூங்கி எழுந்தால் போகிற அசதி. தன் கையில் ஒருத்தருக்கும் குணமாகவில்லை என்ற நினைப்பு அதற்குப் பிறகு அவருக்கு வரவில்லை. இன்னும் நாலு வருஷம் எங்கள் வார்டில் இருந்து, பெரிய சிஸ்டராக உத்தியோகம் உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். பஸ் ஏறினது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அங்கே சௌக்கியமாகச் சேர்ந்ததாகக் கார்டு வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கிற்று.

எனக்குச் சந்தேகமானவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். கட்டில் இருபத்து நாலா, இருபத்தாறா என்று நிச்சயமில்லை. அவர் நாலு வருஷம் இருந்தாரா, ஐந்தா என்றும் குழப்பம். திங்களுக்குத் தயிர், புதனுக்குப் பால் என்பது சரிதானா என்று பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். திருத்திக்கொள்கிறேன்.